வீட்டைத் திரையில் கட்டிக் காட்டுவது எப்படி? ஸ்வீட் ஹோம் 3டி: தொடக்கநிலையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளானைக் காட்டினால் வீட்டுக்காரர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கோடுகள் வீடாகக் கண்ணில் விரிவதில்லை. சுவர் லிண்டல் மட்டத்துக்கு எழும்பிய பிறகுதான், "ஜன்னல் இந்தப் பக்கமா வருது?" என்று கேட்பார்கள். அப்போது இடித்துக் கட்டினால் செங்கல், சிமென்ட், கூலி எல்லாம் வீண். மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் மனக்கசப்பு வேறு. அந்தக் கேள்வியை அஸ்திவாரம் தோண்டும் முன்பே கேட்க வைப்பதுதான் முப்பரிமாணப் படத்தின் வேலை.

மதுரைப் பக்கம் சிறிய வீடுகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பது என் தொழில். புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன். நீங்கள் கொடுக்கும் படத்தை நம்பித்தான் ஒருவர் வங்கிக் கடன் வாங்குகிறார், நகையை அடகு வைக்கிறார். அழகு பிறகு, அளவு முதலில்.

எந்த மென்பொருள்?

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஸ்வீட் ஹோம் 3டி. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த எம்மானுவேல் புய்பாரே உருவாக்கிய திறந்த மூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இலவசம், தொழிலுக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. மேலே பிளானை வரைய வரைய, கீழே 3டி வீடு தானாக எழும்பும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பது கற்றுக்கொள்கிறவருக்குப் பெரிய வசதி.

ஸ்கெட்ச்அப் இதைவிடச் சுதந்திரமானது. 2000இல் வந்து, 2006இல் கூகுள் கைக்குப் போய், 2012 முதல் டிரிம்பிள் நிறுவனத்திடம் இருக்கிறது. பிரௌசரில் ஓடும் அதன் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. வாடிக்கையாளர் வேலைக்குச் சந்தா கட்டத்தான் வேண்டும். இதைத் தெரியாமலே பலர் தொழில் செய்கிறார்கள். பிளெண்டர் 2002 முதல் திறந்த மூலம். ரெண்டர் தரத்தில், அதாவது ஒளியும் நிழலுமாக இறுதிப் படம் எடுத்துத் தரும் தரத்தில், மிகச் சிறந்தது. ஆனால் கை படிய மாதக்கணக்கில் ஆகும். ஸ்வீட் ஹோமில் செய்த வீட்டை ஓபிஜே கோப்பாக ஏற்றுமதி செய்து, பின்னாளில் பிளெண்டரில் திறந்துகொள்ளலாம். ஆகவே இங்கே செய்யும் உழைப்பு வீணாகாது.

கணினியில் 8 ஜிபி ரேம் இருந்தால் தொடங்கலாம். 16 இருந்தால் நிம்மதி.

படி 1: மனையில் டேப் பிடியுங்கள்

கணினியைத் திறக்கும் முன் மனைக்குப் போங்கள். பத்திரத்தில் 30க்கு 40 என்று இருக்கும். 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. நான்கு பக்கமும் அளந்தால் அளவு சரியாகவே வரலாம். அதோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 30க்கு 40 மனையின் மூலைகள் செங்கோணமாக இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் சரியாக 50 அடி வரும். கொத்தனார் மூலை மட்டம் பார்க்கப் பிடிக்கும் 3, 4, 5 கணக்கேதான் இது. ஒன்று 49, மற்றொன்று 51 என்று வந்தால் மனை கோணல். அதைத் திரையில் நேராக வரைந்துவிட்டால், படத்தில் இருக்கும் பக்கச் சந்து தரையில் இருக்காது.

வடக்கு எது என்று அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். சாலை மட்டத்துக்கும் மனை மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், பக்கத்து வீட்டுச் சுவரின் உயரம், மின்கம்பம், மரம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுத் தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். சமையலறையில் நிற்கப் போகிறவரையும், முழங்கால் வலியோடு இருக்கும் பெரியவரையும் கேளுங்கள். வாஸ்து பார்க்கிறவர்களா என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். அக்னி மூலையில்தான் அடுப்பு என்பவரிடம், வாயு மூலையில் சமையலறை போட்டு ரெண்டர் வரை போனால் மொத்தமும் திரும்பிவரும்.

படி 2: அலகு, சுவர் உயரம், தடிமன்

மென்பொருளைத் திறந்ததும் விருப்பங்கள் பகுதிக்குப் போய் அலகை அடி, அங்குலத்துக்கு மாற்றுங்கள். மேஸ்திரி பேசுவதும் வீட்டுக்காரர் பேசுவதும் அடியில்தான். அறையின் பரப்பும் அப்போது சதுர அடியில் தெரியும்.

மென்பொருள் ஐரோப்பிய வழக்கப்படி அமைந்தது. மெட்ரிக் அளவில் புதிய சுவரின் உயரம் இரண்டரை மீட்டர் என்றே தொடங்கும். நம்மூரில் தளத்துக்குக் கீழ் 10 அடி விடுகிறோம். சுவர் தடிமனையும் நம் செங்கல் கட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். வெளிச்சுவர் 9 அங்குலம், உள் தடுப்புச் சுவர் நாலரை அங்குலம். இதை மாற்றாமல் தொடங்கினால் வீடு முழுக்க அட்டையில் செய்தது போல இருக்கும். அறைகளும் நிஜத்தைவிடப் பெரிதாகத் தோன்றும்.

படி 3: சுவர் எழுப்புதல்

பொறியாளர் கொடுத்த பிளான் கையில் இருந்தால் அதை ஸ்கேன் செய்து பின்னணிப் படமாக இறக்குங்கள். படத்தில் அளவு தெரிந்த ஒரு சுவரின் மேல் கோடு இழுத்து, அதன் நீளத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லி மென்பொருள் கேட்கும். இருப்பதிலேயே நீளமான சுவரைத் தேர்ந்தெடுங்கள். சின்னச் சுவரில் அரை அங்குலம் பிசகினால் வீட்டின் மறு கோடியில் அது பல அங்குலமாகப் பெருகிவிடும்.

சுவர்க் கருவியை எடுத்து ஒரு மூலையில் சொடுக்கி இழுங்கள். இழுக்கும்போதே என்டர் விசையைத் தட்டினால் நீளத்தையும் கோணத்தையும் எண்ணாகக் கொடுக்கலாம். கண்ணால் பார்த்து நிறுத்தாதீர்கள், எண்ணைக் கொடுங்கள். கடைசியில் இருமுறை சொடுக்கினால் சுவர் முடியும்.

புதியவர்கள் எல்லாரும் தவறும் இடம் ஒன்று உண்டு. இந்த மென்பொருள் சுவரை அதன் நடுக்கோட்டில் அளக்கிறது. உள்ளே 10 அடி வேண்டும் என்று 10 அடிக்குச் சுவர் இழுத்தால், இருபுறமும் 9 அங்குலச் சுவரின் பாதி உள்ளே வந்து, அறை 9 அடி 3 அங்குலமாகிவிடும். நடுக்கோட்டுக் கணக்கில் 10 அடி 9 அங்குலம் கொடுக்க வேண்டும். சுவரெல்லாம் முடிந்ததும் அறைக் கருவியால் அறைக்குள் இருமுறை சொடுக்குங்கள். தரை விழும், பரப்பைக் காட்டும்படி அமைத்தால் உள் அளவின் சதுர அடியும் தெரியும். அந்த எண்ணை உங்கள் குறிப்பேட்டு அளவோடு ஒத்துப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: கதவு, ஜன்னல்

பட்டியலிலிருந்து கதவை இழுத்துச் சுவரின் மேல் விட்டால், அது தானாகத் திரும்பிச் சுவரில் துளையிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் இருமுறை சொடுக்கி அளவை மாற்றுங்கள். தலைவாசல் மூன்றரை அடிக்கு 7, படுக்கையறை 3க்கு 7, குளியலறை இரண்டரைக்கு 7.

ஜன்னலில் கவனிக்க வேண்டியது தரையிலிருந்து அதன் உயரம். நம் கட்டுமானத்தில் லிண்டல் ஒரே மட்டமாக 7 அடியில் ஓடும். ஆகவே 4 அடி உயர ஜன்னலை 3 அடியில் தொடங்குங்கள். குளியலறை வென்டிலேட்டர் ஒன்றரை அடி உயரம் என்றால் ஐந்தரை அடியில் தொடங்கும். எல்லா மேல் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்பதைப் பார்த்ததுமே, இவருக்குக் கட்டுமானம் தெரியும் என்று மேஸ்திரிக்குப் புரிந்துவிடும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கதவைத் திறந்தால் சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வீடுகள் ஏராளம்.

படி 5: மாடிப்படி, மொட்டை மாடி, சன்ஷேடு

மாடிப்படியைக் கணக்குப் போடாமல் வைக்காதீர்கள். உயரம் 10 அடி, தளக் கனம் 5 அங்குலம், ஆக மொத்தம் 125 அங்குலம். 18 படிகள் வைத்தால் ஒரு படி ஏறத்தாழ 7 அங்குலம். நடுவில் திரும்பும் படிக்கட்டு என்றால் பக்கத்துக்கு 9 ஏற்றம், 8 மிதி. மிதி ஒன்றுக்கு 10 அங்குலம் வீதம் 6 அடி 8 அங்குலம், திரும்பும் மேடை 3 அடி, சேர்த்து 9 அடி 8 அங்குலம். அகலத்துக்கு 6 அடிக்குக் குறையாமல் வேண்டும். இந்த இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் பட்டியலில் இருக்கும் படிக்கட்டை எடுத்து அதே அளவுக்கு மாற்ற வேண்டும். பெரியவர்கள் ஏறும் வீடென்றால் ஏற்றத்தை 6 அங்குலமாகக் குறைக்கக் கூடுதலாக மூன்று படிகளுக்கு இடம் கேளுங்கள்.

புதிய தளம் சேர்க்கும் வசதி பிளான் மெனுவிலேயே இருக்கிறது. மாடித் தளத்தில் வீட்டளவுக்கு ஓர் அறையை வரைந்தால் அதுவே மொட்டை மாடித் தரை. சுற்றி 3 அடி உயரத்தில் சுவர் இழுத்தால் கைப்பிடிச் சுவர். கான்கிரீட் தட்டைக் கூரைக்கு இந்த மென்பொருள் மிகப் பொருத்தம். ஓட்டுச் சரிவுக் கூரைக்கு இதில் நேரடிக் கருவி இல்லை. ஓட்டு வீடோ பழைய தொட்டிக்கட்டு வீடோ வரைய வேண்டியிருந்தால் ஸ்கெட்ச்அப் பக்கம் போவதே நல்லது.

சன்ஷேடு என்ற பொருள் பட்டியலில் கிடைக்காது. சாதாரணப் பெட்டி வடிவத்தை எடுத்து 2 அடி நீட்டம், 3 அங்குலக் கனம் கொடுத்து லிண்டல் மட்டத்தில் ஒட்டுங்கள். சிட்-அவுட் படி, தண்ணீர்த் தொட்டி மேடை, எலிவேஷன் பட்டைகள் எல்லாமே இப்படிப் பெட்டிகள்தான்.

படி 6: நம் வீட்டுச் சாமான்கள்

பட்டியலைத் திறந்தால் சோபா, பியானோ, குளியல் தொட்டி எல்லாம் இருக்கும். கிரைண்டர் இருக்காது. இரும்பு பீரோ இருக்காது. பூஜை அலமாரி, அரிசி டிரம், கேஸ் சிலிண்டர் எதுவும் இருக்காது. அதனாலேயே புதியவர்கள் இவற்றை விட்டுவிட்டு, வெளிநாட்டு இதழில் வந்த வீடு போலப் படம் போடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், குடியிருக்க உதவாது.

ஒருமுறை நான் கொடுத்த சமையலறைப் படத்தை அந்த வீட்டம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எல்லாம் நல்லாருக்கு தம்பி, மாவாட்டுற கிரைண்டரை எங்கப்பா வைக்கிறது?" என்றார். மேடை முழுக்க நிரப்பிவிட்டேன். கிரைண்டருக்கு இடமும் இல்லை, பக்கத்தில் பிளக்கும் இல்லை. அன்று இரவே பெட்டி, உருளை வடிவங்களால் கிரைண்டர், சிலிண்டர், தண்ணீர்க் குடம், பீரோ எல்லாம் செய்து தனிக் கோப்பாகச் சேமித்தேன். இன்றுவரை ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அவற்றைத்தான் வைக்கிறேன். நீங்களும் அப்படி ஒரு கோப்பு செய்துகொள்ளுங்கள். உருவம் கச்சிதமாக இருக்க வேண்டியதில்லை, அளவு நிஜமாக இருந்தால் போதும்.

சாமானை வைத்துப் பார்த்தால்தான் அறையின் உண்மை தெரியும். 10க்கு 10 படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். 5க்கு ஆறரை அடிக் கட்டிலின் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டினால் கால்மாட்டில் மூன்றரை அடி மிஞ்சும். அங்கே பீரோ வைத்தால் அதன் ஆழம் ஒன்றரை அடிக்கு மேல் போய், இரண்டு அடிக்கும் குறைவான நடை மிச்சம். பீரோ கதவு ஒன்றரை அடி அகலம். திறந்தால் நிற்க இடமில்லை. கட்டிலைத் திருப்புவதா, பீரோவுக்குச் சுவரில் இடம் விடுவதா, அறையை ஓர் அடி நீட்டுவதா என்று அப்போதே பேசி முடிவெடுக்கலாம்.

படி 7: நம் ஊர் வெயில்

என்னைக் கேட்டால் இந்த மென்பொருளின் மிகப் பெரிய கொடை இதுதான். ஆனால் புதியவர்களில் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. பிளானில் ஒரு திசைகாட்டி இருக்கும். அதன்மேல் இருமுறை சொடுக்கி ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் வடக்குத் திசையையும் கொடுங்கள். மதுரை என்றால் 9.93 வடக்கு, 78.12 கிழக்கு, சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. அதன்பின் எந்த மாதம், எந்த மணிக்கு வெயில் எங்கே விழும் என்பதை மென்பொருளே நிழலோடு காட்டும்.

சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து போகும் என்று நினைத்து, வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அது ஆண்டு முழுக்கப் பொருந்தாது. மதுரையில் ஏப்ரல் மத்தியில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான். அக்னி நட்சத்திரம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து ஏறத்தாழ 13 டிகிரி வடக்கே இருக்கும். டிசம்பரில் 33 டிகிரி தெற்கே சாய்ந்து, தெற்கு ஜன்னல் வழியாக அறைக்குள் வரும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும்.

மேற்கு வெயில் வேறு கதை. மாலை நான்கரைக்குச் சூரியன் தாழ்ந்துவிடுவதால் 2 அடி சன்ஷேடு அதைத் தடுக்காது. மே மாதம், மாலை 4.30 என்று நேரம் கொடுத்து மேற்குப் படுக்கையறையை ஒருமுறை ரெண்டர் செய்து காட்டுங்கள். கட்டில்மேல் வெயில் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த ஜன்னலைச் சிறிதாக்கவோ குளியலறையை மேற்குப் பக்கம் மாற்றவோ வீட்டுக்காரரே சொல்வார்.

படி 8: டைல், வண்ணம்

சுவரின் மேல் இருமுறை சொடுக்கினால் அதன் இரு பக்கத்துக்கும் தனித்தனியே வண்ணம் கொடுக்கலாம். டைல் படத்தை இறக்கும்போது அதன் நிஜ அளவைக் கேட்கும். 2க்கு 2 டைல் என்றால் 2 அடி என்றே கொடுங்கள்; படத்தில் நான்கு டைல்கள் சேர்ந்திருந்தால் 4 அடி. இதில் பிசகினால் தரை முழுக்கச் சதுரங்கக் கட்டம் போல ஆகிவிடும். வீட்டுக்காரர் கடையில் பார்த்துவைத்த டைலையே செல்போனில் நேராக நின்று படம் எடுத்து அனுப்பச் சொன்னால், அதையே விரிக்கலாம். வண்ணத்தைத் திரையில் ஓரளவுக்குத்தான் நம்ப வேண்டும். பெயின்ட் நிறுவனத்தின் அட்டை எண்ணை எழுதிக் கொடுங்கள்.

படி 9: கேமராவை எங்கே நிறுத்துவது?

ரெண்டர் செய்வதற்கு நான்கு தர நிலைகள் உண்டு. கீழ் இரண்டும் நொடியில் முடியும். மேல் இரண்டில்தான் ஒளிக்கதிர்க் கணக்கு நடக்கும். நேரமும் விளக்குகளும் அங்கேதான் வேலை செய்யும். முதலில் சிறிய அளவில் சோதித்து, நிழலும் கோணமும் சரியானதும் பெரிய படத்தை ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போங்கள். பிடித்த கோணத்தைச் சேமித்து வைத்தால், திருத்தத்துக்குப் பின் அதே இடத்திலிருந்து மறுபடி எடுக்கலாம்.

கேமராவை ஒரு மனிதரின் கண் உயரத்தில், ஐந்தேகால் அடியில் வையுங்கள். பார்வைக் கோணம் 60 முதல் 70 டிகிரிக்குள் இருக்கட்டும். இந்த எண்ணை நான் நல்ல விலை கொடுத்துக் கற்றேன். 12க்கு 14 ஹால் ஒன்றுக்குக் கோணத்தை 100 வரை விரித்துப் படம் போட்டேன். ஹால் கல்யாண மண்டபம் போல வந்தது, குடும்பமே மகிழ்ந்தது. சுவர் எழும்பிய பிறகு மனைக்குப் போனேன். அந்த வீட்டுப் பெரியம்மா ஹால் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "தம்பி, படத்துல எம்புட்டுப் பெருசா இருந்துச்சு? அந்த ஹாலு இதுதானா?" என்று கேட்டார். அளவில் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. இருந்தும் நான் ஏமாற்றியதாகத்தான் அவருக்குத் தோன்றியது. அவர் நினைத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

அறை சின்னதாக இருந்தால் கோணத்தை விரிக்காமல், கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தள்ளி நின்று எடுங்கள். படத்தில் ஒரு மனித உருவத்தையும் நிறுத்துங்கள். அளவு பார்ப்பவருக்குத் தானாகப் புரியும்.

படி 10: வாடிக்கையாளரிடம் கொடுப்பது

முன்பக்க எலிவேஷன் பகலில் ஒன்று, விளக்குப் போட்டு இரவில் ஒன்று, ஹால், சமையலறை, படுக்கையறை, மேலிருந்து பார்க்கும் காட்சி: சிறிய வீட்டுக்கு இவை போதும். ஒவ்வொரு படத்தோடும் அளவெழுதிய பிளானைச் சேர்த்து பிடிஎஃப் ஆக்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். தேதியும் திருத்த எண்ணும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். பழைய படத்தைப் பார்த்துக் கொத்தனார் கட்டிவிட்ட வீடுகள் உண்டு.

எத்தனை திருத்தம் வரை இந்தக் கட்டணம் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். உறவுக்காரர் என்றாலும் எழுதுங்கள்.

உங்கள் எல்லை எது?

ரெண்டர் படம் அனுமதி வரைபடம் ஆகாது. சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்கிறது. பதிவு பெற்ற பொறியாளரிடம் அதைக் கேட்டு, வீடு வரையும் முன்பே மனையில் கோடு போட்டுவிடுங்கள். தூண், பீம், கம்பிக் கணக்கு கட்டமைப்புப் பொறியாளருடையது. படத்தில் தூண் இடைஞ்சலாக இருக்கிறது என்று நீங்களாக நகர்த்தக் கூடாது. 1972ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் சட்டப்படி, கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவு பெறாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. விசிட்டிங் கார்டு அடிக்கும்போது இதை மறக்காதீர்கள். நான் கொடுக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும், "இது விளக்கப் படம், கட்டுமான வரைபடம் அல்ல" என்று ஒரு வரி இருக்கும்.

முதல் வாடிக்கையாளரைத் தேடும் முன் நீங்கள் குடியிருக்கும் வீட்டையே வரையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து, வீட்டில் ஒருவரை மறுமுனை பிடிக்கச் சொல்லி, பீரோ, கிரைண்டர் உட்பட எல்லாவற்றையும் அளந்து திரையில் கட்டுங்கள். மாலை நான்கரை மணி என்று நேரம் கொடுத்து ஹாலை ரெண்டர் செய்யுங்கள். பிறகு அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று, படத்தையும் ஹாலையும் மாறி மாறிப் பாருங்கள். ஜன்னல் வெயில் இரண்டிலும் தரையில் ஒரே இடத்தில் விழுந்தால், நீங்கள் அடுத்தவர் வீட்டுக்குப் படம் போடத் தயார்.